வாளைக் கடைசியில் வாங்குங்கள்

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் பேட்டில் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1066 அக்டோபர் 14 அன்று நார்மண்டிக் கோமகன் வில்லியமும் இங்கிலாந்து மன்னன் ஹெரால்டும் மோதிய புல்சரிவு அங்கேதான். வென்ற வில்லியம் கட்டுவித்த மடாலயத்தின் மிச்சங்கள் சரிவின் உச்சியில் நிற்கின்றன. அக்டோபர் நடுவாக்கில் ஹேஸ்டிங்ஸ் போர் எனப்படும் அந்த மோதல் அதே புல்வெளியில் இன்றும் நடக்கும். வாரம் முழுக்கக் கணக்கெழுதுபவர்களும் பாடம் நடத்துபவர்களும் குழாய் பழுது பார்ப்பவர்களும் சனி, ஞாயிறுகளில் இரும்பு வளையக் கவசத்தை மாட்டிக்கொண்டு, கூடாரமடித்து, விறகடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் சண்டைக்கு இறங்குவார்கள். வரலாற்று மறுநிகழ்த்தல் என்பது ஐரோப்பாவில் ஒரு பொழுதுபோக்கு. மூழ்கியவர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு மதம்.

இந்த மதத்தில் சேரும் புதியவர் செய்கிற முதல் காரியம், ஒரு வாள் வாங்குவது. பழைய ஆட்கள் தலையில் அடித்துக்கொள்வதும் அங்கேதான் தொடங்குகிறது. வந்தவரிடம் அந்தக் காலத்துச் செருப்பு இருக்காது, கம்பளிச் சட்டை இருக்காது, கவசம் இருக்காது. வாள் மட்டும் பளபளவென்று இருக்கும். ஏதோ ஒரு சினிமாவில் பார்த்த வாள். 1066-க்கு முந்நூறு, நானூறு ஆண்டுகள் பிந்தியது.

எந்த ஆண்டு, எந்த ஊர், கையில் எவ்வளவு காசு, எதிரில் நிற்பவன் உடம்பில் என்ன போட்டிருக்கிறான் என்ற நான்குக்கும் விடை தெரிந்த பிறகுதான் வாளைப் பற்றி யோசிக்கவே வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியமானது. எதிராளியின் கவசத்துக்குக் கொல்லன் சொன்ன பதில்தான் வாள். கேள்வி இன்னதென்று தெரியாமல் பதிலைக் காசு கொடுத்து வாங்கினால் எப்படி?

முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் தள்ளிவிடலாம். இடைக்கால ஐரோப்பிய வாள் பத்துக் கிலோ, இருபது கிலோ இருக்கும், சாதாரண மனிதனால் தூக்கவே முடியாது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு வாள் இருக்கிறது. 1825-இல் லிங்கன்ஷயரின் விதம் ஆற்றில் கிடைத்தது. 1250-க்கும் 1330-க்கும் இடைப்பட்டது. அலகில் பொன்கம்பியால் பதித்த எழுத்துகளை இதுவரை யாராலும் படித்துப் பொருள் சொல்ல முடியவில்லை. அதன் நீளம் 96 செ.மீ., எடை 1.2 கிலோ. அவ்வளவுதான். ஒரு கையால் பிடிக்கும் இடைக்கால வாள்களில் பெரும்பாலானவை ஒரு கிலோவுக்குச் சற்று மேலே, ஒன்றரைக்குக் கீழே. ஸ்டெர்லிங் நகரில் வில்லியம் வாலஸின் வாள் என்று காட்டப்படும் 163 செ.மீ. நீள அசுரன்கூட 2.7 கிலோவைத் தாண்டவில்லை. (1305-இல் தூக்கிலேற்றப்பட்ட வாலஸ் அதைக் கையில் எடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம். பல வாள்களின் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது என்றுதான் அறிஞர்கள் கருதுகிறார்கள்.) கடையில் எடுத்துப் பார்க்கும் ஒற்றைக்கை வாள் இரண்டு கிலோ இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம், மாட்டிய இடத்திலேயே மாட்டிவிடலாம்.

சரி, 1066 என்று முடிவு செய்தாயிற்று. ஹெரால்டின் பக்கம் நிற்கும் ஒரு சிறு நில உடைமையாளர் நீங்கள். உங்களிடம் வாள் இருந்திருக்குமா? இந்தக் கேள்வியைப் புதியவர்கள் யாரும் விரும்புவதில்லை.

ஹெரால்டுக்கு ஒரு தலைமுறை முன்னால் இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னன் கனூட் ஒரு சட்டத் தொகுப்பு விட்டுச் சென்றிருக்கிறான். ஒரு பிரபு இறந்தால் அரசனுக்கு அவன் வீட்டார் திருப்பித் தரவேண்டிய படைக்கலங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. எர்ல் என்ற உச்சப் பதவிக்காரன் தரவேண்டியது எட்டுக் குதிரை, எட்டு ஈட்டி, எட்டுக் கேடயம், நான்கு தலைக்கவசம், நான்கு வளையக் கவசம், நான்கு வாள், கூடவே பொன். நாட்டின் மிகப் பெரிய செல்வந்தன் வீட்டிலேயே ஈட்டியில் பாதிதான் வாள்! அடுத்த படியில் அரசனுக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட தேன் என்ற பிரபுவுக்கு வாள் இரண்டு. அதற்கும் கீழே போனால் வாள் பேச்சே கிடையாது. 1181-இல் இரண்டாம் ஹென்றி போட்ட ஆயுதச் சட்டத்திலும் நகரத்துச் சாதாரணக் குடிமகனுக்குச் சொல்லியிருப்பது பஞ்சு தைத்த சட்டை, இரும்புத் தொப்பி, ஈட்டி. நூறு ஆண்டு கழித்து, 1285-இன் வின்செஸ்டர் சட்டத்தில், ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங் வருமானம் தரும் நிலம் இருப்பவன்கூட வாள் வைத்திருக்க வேண்டும் என்று வந்துவிடுகிறது. இடையில் இரும்பும் உலைகளும் பெருகி, வாள் ஊருக்குள் இறங்கி வந்திருக்கிறது.

ஆகவே 1285-இன் வில்லாளி வாளோடு வரலாம். 1066-இன் உழவன் வந்தால் அது பொய். ஹேஸ்டிங்ஸ் களத்தில் உண்மைக்கு நெருக்கமாக நிற்க விரும்புகிறவர் முதலில் ஈட்டியும் கேடயமும் இடுப்பில் ஒரு பிச்சுவாவும் வாங்கலாம். மலிவு, பழகவும் எளிது. கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஒருவர் வாளோடு நின்றால்தான் அந்த வாளுக்கும் மதிப்பு. ஆனால் யாரும் அந்த ஒன்பது பேரில் ஒருவராக இருக்க விரும்புவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாருடைய வாளுக்கும் ஒரு நியாயம் இருக்கும். மொத்தப் படையையும் நிறுத்திப் பார்த்தால் அப்படி ஒரு படை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிடிவாதமாக வாள்தான் வேண்டும், நான் அந்த தேன்தான் என்கிறீர்கள். நல்லது. 1066-இல் வாள் எப்படி இருந்தது என்று யாரைக் கேட்பது? அந்தப் போரில் பயன்பட்டது என்று ஐயமறச் சொல்லத்தக்க வாள் ஒன்றுகூடக் களத்திலிருந்து கிடைக்கவில்லை. கிறிஸ்தவம் பரவிய பிறகு வாளோடு புதைக்கும் வழக்கமும் வடநாடுகளில் மெல்ல மறைந்துவிட்டது. மிஞ்சியவை பெரும்பாலும் ஆற்றில் விழுந்தவையும் தேவாலயங்களில் காக்கப்பட்டவையும். இன்னொரு சாட்சி பேயோ திரைச்சீலை. ஏறக்குறைய 70 மீட்டர் நீளத் துணியில் கம்பளி நூலால் இந்தப் போரையே தைத்துவைத்திருக்கிறார்கள். குதிரை, கப்பல், வெட்டுண்ட தலை எல்லாம் அதில் உண்டு. ஆனால் வாள்பிடியின் கடைசியில் இருக்கும் குமிழ் அதில் நான்கைந்து தையல்தான். அதை வைத்துக்கொண்டு கொல்லனிடம் போய், 'இதேபோல் செய்து கொடு' என்று கேட்க முடியாது.

இங்கே வகைப்பாட்டாளர்கள் கைகொடுக்கிறார்கள். 1919-இல் யான் பீட்டர்சன் என்ற நார்வேக்காரர் வைக்கிங் வாள்களைப் பிடியின் வடிவத்தைக் கொண்டு பிரித்து, வகைக்கு ஓர் எழுத்து கொடுத்தார். அந்த நீண்ட பட்டியலை 1927-இல் லண்டன் மியூசியத்தில் இருந்த ஒருவர் ஏழே வகைகளாகச் சுருக்கினார். அவர் பெயர் மார்ட்டிமர் வீலர். ஆம், நம் வீலர்தான். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1945-இல், புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி ரோமானியப் பானை ஓடுகளை வெளியே எடுத்தவர். வீலரின் ஏழோடு மேலும் இரண்டைச் சேர்த்து, அதற்குப் பிந்திய வாள்களுக்குப் பத்தாம் எண்ணிலிருந்து பெயர் வைத்தவர் எவார்ட் ஓக்‌ஷாட் என்ற ஆங்கிலேயர். அதனால்தான் இடைக்கால வாள் வகைகள் எங்கே பார்த்தாலும் பத்தில் தொடங்கி இருபத்திரண்டில் முடிகின்றன. ஒன்று முதல் ஒன்பது வரை எங்கே போயின என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

ஓக்‌ஷாட் பிடியை விட்டுவிட்டு அலகைப் பார்த்தார். அலகின் நீள அகலம், முனை எவ்வளவு கூராகக் குவிகிறது, நடுவில் ஓடும் பள்ளம் எதுவரை போகிறது, குறுக்கே வெட்டினால் தெரியும் முகம் எப்படி இருக்கிறது என்பவைதான் அவருடைய அளவுகோல்கள். குமிழுக்கும், பிடிக்கும் அலகுக்கும் நடுவே குறுக்காக நிற்கும் கைக்காப்புக்கும் தனித்தனிப் பட்டியல்கள் வைத்தார். எந்த வடிவம் எந்தக் காலத்தது என்று சொல்லக் கல்லறைச் சிலைகள் பெரிய உதவி. கேன்டர்பரி தேவாலயத்தில் கறுப்பு இளவரசன் எட்வர்டின் பொன்முலாம் பூசிய சிலை முழுக் கவசத்தோடு படுத்திருக்கிறது. அவன் இறந்தது 1376. ஆக, சிலையிலுள்ள வாளின் வடிவம் அந்தக் காலத்தில் இருந்தது என்று அடித்துச் சொல்லலாம். (சிலைக்கு மேலே தொங்கவிட்டிருந்த அவனுடைய நிஜப் பொருள்களில் தலைக்கவசம், கேடயம், கையுறை எல்லாம் மிஞ்சின. உறைகூட மிஞ்சியது. வாளை மட்டும் யாரோ அடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.)

1066-க்கு ஏற்றது பத்தாம் வகை. கையில் எடுத்தால் முதலில் உறுத்துவது பிடி. ஒன்பதரை செ.மீ. இருந்தால் அதிகம். இது குழந்தைக்குச் செய்ததோ என்று தோன்றும். அந்தக் கால மனிதர்கள் குள்ளம் என்று ஒரு கதையும் கிளம்பும். அப்படி ஒன்றும் இல்லை. உள்ளங்கை கைக்காப்புக்கும் குமிழுக்கும் நடுவே இறுக்கமாக உட்கார வேண்டும். கை நகர இடமில்லாததால்தான் வீசும்போது வாள் கையின் ஒரு பகுதியாகவே திரும்புகிறது. இன்று விற்கும் பல நகல்களில் பிடியை மூன்று, நான்கு செ.மீ. நீட்டிவிடுகிறார்கள், வாங்குபவர் கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று. தூரத்திலிருந்தே நகலைக் காட்டிக்கொடுக்கும் முதல் அடையாளம் அதுதான்.

அலகு ஏறக்குறைய 80 செ.மீ. அகலமானது, தட்டையானது, இருபுறமும் வாய் உள்ளது. முனை கூராக இல்லாமல் உருண்டு முடியும். நடுவே ஓர் அகலமான பள்ளம் ஏறத்தாழ முனைவரை ஓடும். எதிரியின் இரத்தம் வடிவதற்கான வாய்க்கால் என்று இதைச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது கட்டுக்கதை. இரும்பு விலையுயர்ந்த காலம் அது. நடுவில் இருந்த உலோகத்தை எடுத்துவிட்டால் அதே எடைக்கு அகலமான, நீளமான, ஆனாலும் தொய்ந்துவிடாத அலகு கிடைக்கும். கட்டடத்தில் போடும் இரும்பு உத்தரத்தை நடுவில் மெலிதாக வார்ப்பதன் கணக்கும் இதுவே.

அந்தப் பள்ளத்துக்குள் சில வாள்களில் இரும்பு எழுத்துகள் பதித்திருக்கும். அவற்றில் பேர்போனது உல்ஃபெர்ட் என்ற பெயர். 9 முதல் 11-ஆம் நூற்றாண்டுவரை, ஏறக்குறைய 170 வாள்களில் அது காணப்படுகிறது. இத்தனை தலைமுறை ஒருவனே வாழ்ந்திருக்க முடியாது. ஆக, அது ஒரு பட்டறையின் முத்திரை. முத்திரைக்கு மவுசு வந்தால் போலியும் வரும். உலோகவியல் அறிஞர் ஆலன் வில்லியம்ஸ் இவற்றைச் சோதித்தபோது, பெயரின் கடைசி எழுத்துக்கு முன்னால் சிலுவைக் குறி போட்ட வாள்கள் பலவற்றில் கரிச்சத்து மிகுந்த நல்ல எஃகும், கடைசி எழுத்துக்குப் பின்னால் போட்டவற்றில் பெரும்பாலும் மட்டமான இரும்பும் இருக்கக் கண்டார். நல்ல எஃகு கிழக்கே மூசையில் உருக்கியது, வோல்கா ஆற்று வணிகத்தில் வந்திருக்கலாம் என்பது அவர் ஊகம். எல்லாரும் அதை ஏற்கவில்லை. இன்றைய நகல் வியாபாரத்தில் உல்ஃபெர்ட்தான் அமோக விற்பனை. முகாமில் பாதிப் பேர் இடுப்பில் அந்தப் பெயர் தொங்கும். வேண்டாம் என்பேன். பெயரில்லாத வாளே மேல்.

இந்தப் பத்தாம் வகை ஏன் இப்படி இருந்தது? எதிரில் நின்றவன் பெரும்பாலும் கேடயமும், வசதியிருந்தால் வளையக் கவசமும் அணிந்திருந்தான். ஆணியடித்துப் பூட்டிய வளையங்களை வாள் அறுக்காது. ஆனால் முகம், கழுத்து, முன்கை, முழங்காலுக்குக் கீழே எல்லாம் திறந்து கிடந்தன. அங்கே பாய்ந்து வெட்ட அகலமான, வேகமான அலகு போதும். முனை கூராக இருக்க வேண்டிய அவசியம் அதிகமில்லை.

அடுத்த மூன்று நூற்றாண்டில் கவசம் மாறியது. எப்படி மாறியது என்பதைச் சுவீடனின் கோட்லாந்துத் தீவில் பார்க்கலாம். 1361 ஜூலை 27 அன்று விஸ்பி நகர மதிலுக்கு வெளியே டென்மார்க் மன்னன் வால்டமாரின் படை தீவின் உழவர்களை வெட்டிச் சாய்த்தது. பிணங்களை மொத்தமாகக் குழிகளில் தள்ளி மூடினார்கள். கோடை வெயிலில் உடல்கள் நாறத் தொடங்கியதால் கவசத்தைக் கழற்றக்கூட நேரமில்லை என்று கருதப்படுகிறது. 1905-இலும், பெங்ட் தோர்டெமானின் தலைமையில் 1928 முதல் 1930 வரையும் தோண்டியபோது 1,185 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவற்றோடு வளைய முக்காடுகளும், துணிக்கு உள்பக்கம் இரும்புத் தகடுகளை வரிசையாகத் தறைந்த சட்டைகளும் இருந்தன. இடைக்காலக் கவச ஆய்வுக்கு இதைவிடப் பெரிய புதையல் இல்லை. வெட்டுக்காயங்களில் மிகப்பல முழங்காலுக்குக் கீழே இருந்தன. மார்பைத் தகடும் கேடயமும் மறைத்தால் கத்தி காலைத் தேடுகிறது.

மறைக்காத இடம் குறையக் குறைய, வெட்டிப் பயனில்லை, குத்தவேண்டும் என்றாயிற்று. அக்குளிலும் கழுத்தோரத்திலும் முகமூடியின் கண் கீற்றிலும் முனையை நுழைக்க வேண்டும். அதற்குக் குத்தும்போது வளையாத அலகு தேவை. தட்டையான பள்ள அலகு அந்த வேலைக்கு ஆகாது. கொல்லர்கள் பள்ளத்தைக் கைவிட்டு, நடுவில் முதுகெலும்பு எழும்பிய வைர முக அலகுக்குப் போனார்கள். ஓக்‌ஷாட்டின் பதினைந்தாம் வகை அது, ஊசியைப் பார்த்துக் குவியும் முக்கோணம். இதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் எளியது, ஆனால் வியப்பானது. ஒரு பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் முப்படியைப் பொறுத்து ஏறும். கனம் இரட்டித்தால் எடை இரட்டிக்கும், விறைப்போ எட்டு மடங்காகும். நடுவில் சில மில்லிமீட்டர் உயர்த்தினால் வெட்டும் கருவி குத்தும் கருவியாகிவிடுகிறது. இந்தச் சமன்பாட்டை எழுதி வைக்காமலேயே கொல்லர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

விஸ்பியில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் 'இடைக்கால வாரம்' நடக்கிறது. 1984-இல் தொடங்கியது. பத்தாம் வகை வாளோடு அங்கே போய் இறங்கினால் கேலி செய்வார்கள். ஆனாலும் சமாளித்துவிடலாம், பாட்டன் வாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பதினைந்தாம் வகையோடு ஹேஸ்டிங்ஸுக்குப் போனால் சமாளிக்கவே முடியாது. காலம் இந்த விஷயத்தில் ஒருவழிப் பாதை. வாள் உங்களைவிடக் கிழவனாக இருக்கலாம், இளையவனாக இருக்க முடியாது. எவ்வளவு கிழவன் என்பதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. 1014-இல் இறந்த ஆங்கிலேய இளவரசன் ஏதல்ஸ்டனின் உயில் கிடைத்திருக்கிறது. அதில் அவன் தம்பி எட்மண்டுக்கு விட்டுச்சென்ற வாள் ஓஃபா மன்னனுக்குச் சொந்தமாக இருந்ததாம். ஓஃபா இறந்தது 796-இல். இருநூறு ஆண்டுக்கு மேல் கைமாறிக் கைமாறி வந்த வாள்! இப்படிப்பட்ட அலகுகளுக்குப் பிடி தேய்ந்தால் புதுப்பிடி போட்டுக்கொண்டார்கள். அலகு தாத்தாவுடையது, குமிழ் பேரனுடையது என்ற கலவை அருங்காட்சியகங்களில் நிறைய உண்டு. பழமையான அலகும் சற்றுப் புதிய பிடியுமாக நகல் செய்யச் சொல்வது தவறாகாது. தலைகீழாகச் செய்தால் அதற்கு ஒரு நல்ல கதை வேண்டும்.

வடிவம் முடிவானது. இனி தரம். படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாத பகுதி இது.

சுழலும் பொருளின் ஒவ்வொரு துளி எடையும் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ, அந்தத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் கையை எதிர்க்கும். பள்ளியில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்தது நினைவிருக்கலாம். கைக்குப் பின்னால் 10 செ.மீ. தொலைவில் குமிழில் 100 கிராம் கூட்டுங்கள். கைக்கு முன்னால் 80 செ.மீ. தொலைவில் முனையில் வெறும் 10 கிராம் கூட்டுங்கள். இரண்டாவதுதான் ஆறு மடங்குக்கு மேல் அதிகமாகக் கையை இழுக்கும். எனவே நல்ல கொல்லன் எடையைக் குறைப்பதைவிட முனையை மெலிய வைப்பதில்தான் கவனம் செலுத்தினான். நல்ல பழைய அலகுகள் கைக்காப்புப் பக்கம் 5, 6 மில்லிமீட்டர் கனத்தில் தொடங்கி, முனைக்குப் போகப் போக 2, 3 மில்லிமீட்டருக்கு இளைத்துவிடும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் இது தெரியும், விளம்பரப் படங்களில் தெரியாது. மலிவு நகல்களில் ஒரே கனத்துப் பட்டையை வெட்டிக் கூராக்கியிருப்பார்கள். தராசில் இரண்டும் ஒரே எடை காட்டலாம். ஆனால் ஒன்று கையோடு வரும், மற்றது கையை இழுத்துக்கொண்டு போகும்.

கடையில் செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. முனை மேலே இருக்கும்படி வாளை நிமிர்த்தி, பிடியை இரண்டு விரலால் தளர்வாகப் பற்றிக்கொண்டு, குமிழின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டுங்கள். அலகு நடுங்கும். உற்றுப் பார்த்தால் முனையிலிருந்து ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் ஓர் இடம் மட்டும் அசையாமல் நிற்கும். அந்த இடத்தில் வெட்டினால் அதிர்வு கைக்கு வராது. கிரிக்கெட் மட்டையின் சரியான இடத்தில் பந்து பட்டால் அடித்ததே தெரியாதல்லவா, அந்தக் கணக்குத்தான். இதேபோல் அசையாத இன்னொரு புள்ளி பிடியருகே இருக்கும். நன்றாகச் செய்த வாளில் அது கை பிடிக்கும் இடத்துக்குள்ளேயே விழும். மட்டமான வாளில் அலகுக்குள் ஏறிப் போயிருக்கும், ஒவ்வோர் அடிக்கும் உள்ளங்கை எரியும். குமிழின் எடையும் வடிவமும் இந்தப் புள்ளிகளை நகர்த்துகின்றன. வெறும் அலங்காரத்துக்குக் குமிழை மாற்றிவிட்டு வாள் கெட்டுப்போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் உண்டு.

எஃகு விஷயத்தில் ஒரே பேச்சு: துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அதைக் கண்டுபிடித்தது 1913-இல், ஆகவே காலப்பிழை என்பது ஒருபுறம். சமையலறைக் கத்திக்கு அருமையான அந்த எஃகு, முக்கால் மீட்டர் அலகாகி மோதும்போது ஒடிந்து பறக்கும் ஆபத்து உண்டு என்பதுதான் பெரிய காரணம். சண்டை வாளுக்கு ஸ்பிரிங் எஃகு. நம் ஊர்ப் பட்டறைகளில் லாரிப் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பார்களே, அந்தக் குடும்பம்தான். ஐரோப்பியச் சந்தைக்குப் போகும் நகல்களில் கணிசமானவை இந்தியாவில் செய்பவை என்பதும் இங்கே சொல்லத்தக்கது. டேராடூனின் விண்ட்லாஸ் நிறுவனம் 1943-இல் குக்ரிக் கத்தி செய்யத் தொடங்கி, இன்று உலகெங்கும் வாள் அனுப்புகிறது. எஃகோடு சேர்த்துக் கேட்கவேண்டிய இன்னொன்று, அலகின் வால் பிடிக்குள் எப்படிப் போகிறது என்பது. அகலமாகப் போய், குமிழைத் துளைத்து, வெளியே தலை தட்டி முடிந்திருந்தால் அது அந்தக் கால முறை. குச்சி மாதிரி ஒரு கம்பியைப் பற்றவைத்திருந்தால் அது சுவரில் மாட்டத்தான் லாயக்கு. என்றாவது ஒரு நாள் பிடி கையில் இருக்கும், அலகு பார்வையாளர் பக்கம் போயிருக்கும்.

பலர் கடைசியில் நினைத்துப் பார்க்கும் உறைக்கு நான் வாளுக்கு நிகரான இடம் கொடுப்பேன். பார்வையாளர் நாள் முழுக்கப் பார்ப்பது உறையைத்தான். மெல்லிய பலகை இரண்டு, உள்ளே கம்பளி அல்லது ஆட்டுத்தோல் ரோமம், வெளியே ஒட்டித் தைத்த தோல். ரோமத்தின் எண்ணெய்ப் பசை அலகைத் துருவிலிருந்து காக்கும். சினிமாவில் உருவும்போது வரும் 'ஸ்ர்ர்ரிங்' சத்தம் இந்த உறையில் வராது. முதுகில் மாட்டிக்கொள்வதும் சினிமா தந்த வழக்கமே.

எல்லாம் சரியாக அமைந்தாலும் ஓர் இடத்தில் பொய் சொல்லியே தீரவேண்டும். சண்டைக்கு இறங்கும் வாள் மொண்ணையாக இருக்க வேண்டும். வாய் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, முனை ஒரு நாணயத்தின் விளிம்பு போல உருண்டிருக்க வேண்டும் என்று குழுக்கள் விதி வைத்திருக்கின்றன. கூர்வாளில் இல்லாத உலோகம் இந்த மொண்ணை வாய் நெடுக மிஞ்சி நிற்கிறது, அதுவும் முனையருகே, எங்கே இருக்கக் கூடாதோ அங்கே. இன்றைய நல்ல கொல்லர்கள் பள்ளத்தை அசலைவிட ஆழமாகவும் அகலமாகவும் தோண்டி அந்த எடையை ஈடுகட்டுகிறார்கள். பத்தாம் வகையில் ஏற்கெனவே பெரிய பள்ளம் இருப்பதால் இந்தப் பொய் எளிதில் ஒளிந்துகொள்ளும். பதினைந்தாம் வகையில் பள்ளமே இல்லை, ஒளிய இடமும் இல்லை. மேலும் பல குழுக்களில் குத்துவதே தடை. குத்தப் பிறந்த வாளை வைத்துக்கொண்டு வெட்டுவதுபோல் நடிக்க வேண்டியிருக்கும். புதியவர்களை 11, 12-ஆம் நூற்றாண்டுப் பக்கம் நான் தள்ளிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மொண்ணை வாள் என்பதே நவீன சமரசம் என்று வருந்துகிறவர்களுக்கு இரண்டு தகவல். 1278-இல் முதலாம் எட்வர்ட் மன்னன் வின்ட்சர் பூங்காவில் ஒரு விளையாட்டுச் சண்டை நடத்தினான். அதற்கான செலவுக் கணக்கு மிஞ்சியிருக்கிறது. கலந்துகொண்ட 38 பேருக்கும் வாங்கிய வாள்கள் இரும்பால் ஆனவை அல்ல. திமிங்கிலத்தின் வாயிலிருந்து எடுக்கும் பலீன் தகட்டாலும் தோல்தாளாலும் செய்து, அலகுக்கு வெள்ளியும் பிடிக்குப் பொன்னும் பூசியவை. பிறகு 1460 வாக்கில் ஆன்ஜூ பகுதியின் கோமகன் ரெனே விளையாட்டுப் போர்களுக்கு ஒரு கையேடே எழுதினான். வாள் நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும், அப்போதுதான் முகமூடியின் கண் கீற்றுக்குள் நுழையாது என்கிறான். இரண்டு வாயும் ஒரு விரல் கனம் இருக்க வேண்டும். எடை கூடிப்போகாமல் இருக்க நடுவை நன்றாகக் குடைந்துவிட வேண்டும். இன்றைய கொல்லர்கள் செய்யும் அதே தந்திரம்! அந்த அளவு பிசகாமல் ஒரு வாளைச் செய்துகொண்டு இன்று யாராவது முகாமுக்குப் போனால், வாயின் கனத்தைச் சோதிப்பவர் மகிழ்ந்துபோவார், எடையைச் சோதிப்பவர் திருப்பி அனுப்பிவிடுவார்.